மாத்திரையை நிறுத்திய அப்பாவும் அவரை விடாத யூடியூபும்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2014-இல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அப்போது வெறும் வயிற்றில் 198. பிரஷரும் உண்டு. நான்கு மாதமாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "சர்க்கரைங்கறது நோயே கிடையாது, மருந்துக் கம்பெனிக்காரன் அளவைக் குறைச்சு ஊரையே நோயாளி ஆக்கிட்டான்" என்கிறார். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை யூடியூப்தான். எதிர்த்துப் பேசினால் கத்துகிறார், அப்புறம் இரண்டு நாள் பேசுவதில்லை. என் மகனுக்கு ஒன்பது மாதம் முடியப் போகிறது. தடுப்பூசி போடக் கூடாது என்று அதற்கும் சண்டை. மாத்திரையைப் பொடி செய்து சாம்பாரில் கலந்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார். வைஃபையைத் துண்டித்துவிடலாமா? இது மனநோயா? அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காக நானும் அதே வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இப்போது எனக்கும் தூக்கம் போய்விட்டது.

— பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: சாம்பாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்டதில் நாளைக்கே நடந்துவிடக்கூடியது அதுதான். வேண்டாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையில் 'எஸ்ஆர்' என்று போட்டிருக்கும் வகை, மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தது. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். சர்க்கரையை வேகமாக இறக்கும் கிளிமிபிரைடு போன்றது சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இந்த வீடியோக்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சோற்றைக் குறைத்துவிட்டு ஏதாவது பத்தியத்தில் இருப்பார்கள். அவர்களுக்குப் பழைய அளவே சர்க்கரையைத் தடாலென்று இறக்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அப்பா மனம் மாறி நாளை அவராகவே டப்பாவை எடுத்தாலும், நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு அதே அளவில் தொடங்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான். இன்னொன்று, ஒரு நாள் சாம்பார் கசந்துவிட்டால் போதும். தனக்கு எதிராக எல்லோரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்புக்கு முதல் கண்கண்ட சாட்சி உங்கள் சமையலறையிலேயே கிடைத்துவிடும். அப்புறம் அம்மா கையால் காபி வாங்கவே யோசிப்பார்.

இந்த வாரம் மாத்திரைப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அளவை மட்டும் எடுங்கள். "மாத்திரை வேண்டாம்னு சொல்றீங்க, சரிப்பா. மாத்திரை இல்லாம உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடலாமே" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். தன் கட்சி ஜெயிக்கும் என்றுதானே அவரும் நம்புகிறார். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பாருங்கள். கூடவே தைராய்டும் பி12-உம். மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 குறையும். அது குறைந்தாலே எரிச்சலும் மறதியும் வரும். மெக்கர் மீட்டர் வைத்து ஒயர் இன்சுலேஷன் பார்த்த மனிதர் ரீடிங்கை மதிப்பார். பிரஷர் மிஷினையும் ஒரு நோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அளப்பதற்கு முந்தைய அரைமணியில் காபி கூடாது. முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையும் மாலையும் ஏழு நாள். அவரே எழுதட்டும்.

லேபுக்கு வர மாட்டேன் என்றால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். காசு வாங்காமல் கொடுக்கும் மாத்திரையில் கம்பெனிக்கு எங்கே பெரிய கொள்ளை என்ற கேள்வி அவர் மனதில் தானாக எழும். நீங்கள் கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

பிரஷர் 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் எது சேர்ந்தாலும் விவாதத்துக்கு இடமில்லை, 108. சர்க்கரை 300-க்கு மேல் போய் வாந்தியோ குழப்பமோ இருந்தாலும் அப்படியே.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நம்பும் ஒன்றை ஒருவர் நம்புவதை டாக்டர்கள் நாங்கள் மனநோய் என்று எழுதுவதில்லை. நம்பிக்கை அவரை மட்டும் குறிவைக்கத் தொடங்கும்போதுதான் கவலை: அந்த வீடியோவில் பேசுகிறவர் தனக்கென்றே ரகசியமாகச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் தன்னை உளவு பார்க்கிறார், சோற்றில் விஷம் இருக்கிறது, யாருமில்லாதபோது குரல் கேட்கிறது என்பது போல. தூக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய உற்சாகம், தெரிந்த தெருவில் வழி தவறுவது, சாவைப் பற்றிய பேச்சு இவையும் அப்படித்தான். அப்போது உடனே மனநல மருத்துவர். 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் மட்டும் அங்கே அல்ல, பொது மருத்துவமனைக்கு. சர்க்கரையோ உப்புச்சத்தோ கிருமியோ காரணமாக இருக்கும்.

இனி யூடியூப். அதற்கு மருத்துவம் தெரியாது. எந்தப் படத்தின் மேல் உங்கள் அப்பாவின் விரல் நின்றது, எத்தனை நிமிடம் பார்த்தார், முடிந்ததும் எதைத் தொட்டார் என்பது தெரியும். 2012-இல் அந்தக் கம்பெனி, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பரிந்துரையின் முக்கிய அளவுகோலாக்கியது. யூடியூபில் பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாக வருவது என்று 2018-இல் அதன் அதிகாரி நீல் மோகனே சொன்னார். "காய்கறி சாப்பிடுங்கள், மாத்திரையை விடாதீர்கள், நடங்கள்" என்று சொல்லும் டாக்டரின் வீடியோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "இதை ஏன் உங்களிடம் மறைத்தார்கள்?" என்று தொடங்குவதை முடிச்சு அவிழும் வரை விட முடியாது. எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் நடுவிலும் விளம்பரம் செருகலாம். விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு. அந்த ஆள் ஏன் விஷயத்துக்கு வராமல் இழுக்கிறார் என்று எரிச்சல்பட்டிருப்பீர்கள், காரணம் இதுதான்.

கோபமும் அதே கணக்கில்தான் ஏறுகிறது. ஃபேஸ்புக்கில் 2017-இலிருந்து ஒரு கோப முகக்குறி ஐந்து லைக்குக்குச் சமமாக எண்ணப்பட்டது. உள்ளுக்குள்ளேயே எதிர்ப்பு வந்து 2020-இல்தான் அதைப் பூஜ்யமாக்கினார்கள். 2019 பிப்ரவரியில் அதே கம்பெனியின் ஆய்வாளர் ஒருவர், இந்தியாவில் வாழும் ஒருவர் பெயரில் சோதனைக் கணக்குத் தொடங்கி, அது பரிந்துரைத்ததை மட்டும் பின்தொடர்ந்தார். மூன்று வாரத்தில் தான் பார்த்த பிணப் படங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைவிட அதிகம் என்று எழுதிவைத்தார்.

எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போடவும் மனமில்லை. யூடியூப் 2019-இல் பூமி தட்டை, அதிசய மருந்து போன்றவற்றின் பரிந்துரையைக் குறைப்பதாக அறிவித்து முதலில் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் பிறகு அங்கே நடந்த ஆய்வுகள், தீவிரமான சேனல்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த மனக்கசப்போடு வந்தவர்கள் என்று காட்டின. சும்மா இருந்தவரை இழுத்துப்போய்க் குழியில் தள்ளுவது அபூர்வம். கசப்போடு வருகிறவருக்கு நாளெல்லாம் பரிமாறுவதுதான் வழக்கம். அப்படிப் பரிமாறினாலே போதும். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் மெய்யோ பொய்யோ, உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பது 1977-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தது. உங்கள் அப்பா நான்கு மாதமாக, இரவுதோறும் கேட்கிறார்.

அப்படியானால் அப்பாவின் கசப்பு எங்கிருந்து வந்தது? வாதத்தை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள் என்பேன். மாத்திரையை நிறுத்தும் ஆண்களில் நிறையப் பேருக்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருக்கும். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கும் வாயுவும், பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபினால் கணுக்கால் வீக்கம், எனலாப்ரிலால் நிற்காத வறட்டு இருமல். சில மருந்துகளோடு தாம்பத்தியத்தில் தளர்ச்சியும் வரும்; அதை மகளிடமோ மனைவியிடமோ எந்த அப்பா சொல்வார்? டாக்டரிடம் இரண்டு நிமிடம்தான் கிடைத்திருக்கும். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்பது பலவீனமாகத் தெரிகிறது. 'அவர்கள் சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்பது கௌரவமாக இருக்கிறது. ஓய்வு பெற்று, நாலு பேர் வந்து யோசனை கேட்பது நின்றுபோன மனிதருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் மாற்று மாத்திரை இருக்கிறது. அவர் வயதை ஒட்டிய ஆண் டாக்டர் ஒருவரிடம் தனியாக அனுப்புங்கள். நீங்கள் உள்ளே போக வேண்டாம். பழைய சீட்டும் நோட்டில் எழுதிய ரீடிங்கும் போனால் போதும்.

அவர் சொல்வதில் ஒரு உண்மையும் இருக்கிறது. அளவைக் குறைத்தது நிஜம். 1997 வரை வெறும் வயிற்றில் 140-உம் அதற்கு மேலும் இருந்தால்தான் சர்க்கரை நோய். அந்த ஆண்டு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது. அந்த அளவை ஒட்டியே விழித்திரையில் பாதிப்பு தொடங்குவது தெரிந்ததால் ஆக்கினார்கள். வீடியோக்காரர் முதல் பாதியை மட்டும் சொல்லியிருப்பார். நல்ல பொய் எப்போதும் ஒரு உண்மையின் தோளில்தான் உட்கார்ந்து வரும். நீங்கள் மொத்தத்தையும் "எல்லாம் புருடா" என்று தள்ளியபோது, உண்மையான பகுதிக்கு அவர் கையில் ஆதாரம் இருந்தது. அந்த இடத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

அதனால் இப்படிப் பேசிப் பாருங்கள். காலை நடையில், அம்மா, மாப்பிள்ளை யாரும் கூட இல்லாதபோது, ஒரே ஒரு விஷயம், இருபது நிமிடம். "நீங்க சொன்னது சரிதாம்பா, 140-ஐ 126 ஆக்கியிருக்காங்க, நானும் பார்த்தேன்." கொஞ்ச தூரம் சும்மா நடங்கள். பிறகு, "உங்க 2014 ஃபைல்ல எவ்வளவுப்பா இருந்துச்சு?" 198. பழைய கணக்கிலும் நோய், புதிய கணக்கிலும் நோய். இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவர் மௌனமானால் பேச்சை மாற்றி டீக்கடையில் நிறுத்துங்கள். இன்னொரு நாள், "மாத்திரை தேவையே இல்லைங்கறதுல பத்துக்கு எவ்வளவு உறுதியா இருக்கீங்க?" என்று கேளுங்கள். எட்டு என்றால், "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மீதி இரண்டைப் பற்றி அவரே பேசுவார். தன் வாயால் சொன்ன சந்தேகம் நீங்கள் அடுக்கும் பத்து ஆதாரத்தைவிட ஆழமாக இறங்கும். "உங்களை ஏமாத்திட்டாங்க" என்ற வார்த்தை மட்டும் எக்காரணத்திலும் வரக் கூடாது.

அவர் அதிகம் பார்க்கும் வீடியோவின் கீழே விவரக்குறிப்பைத் திறந்து பாருங்கள்; பல நேரம் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் ஏதாவது பொடியின் விலையும் இருக்கும். சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். 'மருந்து விற்கிறவனை நம்பாதே' என்பது அப்பாவின் சொந்தக் கொள்கை. பொடிக்காரருக்கும் அது பொருந்துமா என்று அவரே யோசிக்கட்டும்.

வைஃபையைத் துண்டிக்க வேண்டாம். போனில் தினம் ஒன்றரை ஜிபி இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி வந்துவிடுவார், கோபத்தோடு. 2018-இல் அமெரிக்காவில் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை அணைத்துவைத்துச் சோதித்தபோது தினம் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலையும் கொஞ்சம் தெளிந்தது. கொஞ்சம்தான், அதுவும் அவர்கள் சம்மதித்து, பணம் வாங்கிக்கொண்டு அணைத்தவர்கள்.

போனைச் சரிசெய்வதும் அவர் முன்னாலேயே நடக்க வேண்டும். "தேவையில்லாத குப்பையா வருதே, கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதலில் ஆட்டோபிளேயை அணையுங்கள். வீடியோ ஓடும்போது மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம், அவர் போனை நெஞ்சில் வைத்தபடியே தூங்கியிருப்பார். தூங்கிய பிறகு தானாக ஓடும் ஒவ்வொரு வீடியோவும் அவர் விரும்பிப் பார்த்ததாகவே பதிவாகும். வீட்டு டிவியிலும் அதே கணக்கு இருந்தால் அங்கே தனியாக அணைக்க வேண்டும். அது உங்கள் ஜிமெயில் கணக்காக இருந்தால், உங்களுக்கு வருவதும் அவருக்கு வருவதும் கலந்துதான் வரும். அவருக்குத் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள்.

அடுத்து, கீழே வலது மூலையில் அவர் படம் உள்ள இடத்தைத் தொட்டு, ஹிஸ்டரிக்குள் போய், அந்த வகை வீடியோக்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அடிக்கடி வரும் ஐந்தாறு சேனல்களுக்கு மூன்று புள்ளியைத் தொட்டு 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' கொடுங்கள். டிஸ்லைக் போடுவதிலும் 'விருப்பமில்லை' கொடுப்பதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். மொசில்லா அமைப்பு 2022-இல் 22,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்துச் சோதித்தபோது, வேண்டாத பரிந்துரைகளில் சேனலைத் தடுக்கும் பட்டன் 43 சதவீதத்தைக் குறைத்தது. ஹிஸ்டரியிலிருந்து நீக்குவது 29. டிஸ்லைக் 12, விருப்பமில்லை வெறும் 11. மிகச் சிறந்த பட்டனே பாதியைக்கூடத் தடுக்கவில்லை, பாருங்கள். ஹிஸ்டரி முழுவதையும் அழித்து நிறுத்தியும் வைக்கலாம். முகப்புப் பக்கம் காலியாகிவிடும். உங்களுக்கு அது சரி. அவருக்கு வெறுமையாகத் தெரிந்து, பெயரைத் தேடிப் பழைய சேனலுக்கே போய்விடுவார்.

காலியான இடத்தில் வேறு ஏதாவது போட்டாக வேண்டும். மோட்டார் ரீவைண்டிங், சோலார், பழைய கச்சேரி, கோயில் தேரோட்டம், எது அவருக்கு இஷ்டமோ அதில் தினம் இரண்டு மூன்று, பத்து நாளைக்கு, கடைசி வரை ஓடவிடுங்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். பரிந்துரை மாறுவது கண்ணில் தெரியும். அவரிடமே அதைக் காட்டலாம்: "பாத்தீங்களாப்பா, நாம எதைப் பாக்கறோமோ அதையே திருப்பிக் குடுக்குது." லைன்மேன்களை மேய்த்தவருக்கு ஃபீட்பேக் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி பரிந்துரை இயந்திரம் கிடையாது. அங்கே மனிதர்கள்தான். இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். குடும்ப குரூப்பில் மறுப்புப் போட்டு மானத்தை வாங்க வேண்டாம்.

தூக்கத்தைத் தனியாகவே கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களின் 3,755 மாணவர்களிடம் நடந்த ஆய்வில் (2017) தூக்கமின்மைக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது, பிறர் மேலான சந்தேகமும் கூடவே குறைந்தது. சர்க்கரை ஏறியிருந்தால் இரவில் நான்கு தடவை சிறுநீருக்கு எழுவார்; எழுந்தவர் கையில் போன் ஏறும். பத்து மணிக்கு எல்லோர் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். படுக்கையில் கேட்க ரேடியோ போதும்.

தடுப்பூசிக்கு அப்பாவின் அனுமதி வேண்டியதில்லை, நீங்களும் உங்கள் கணவரும் முடிவெடுத்தால் போதும். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. 2017 பிப்ரவரியில் இதே ஊசிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தி பரவி, பெற்றோர் தயங்கி, முகாமையே நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வருவது அதன் பேரக் குழந்தையாக இருக்கும். போடும் தேதியை முன்கூட்டிச் சொல்லிச் சண்டையை வரவழைக்காதீர்கள். போட்ட பிறகு கேட்டால் மறைக்காதீர்கள். அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கொஞ்சம் இருக்கலாம். எடைக்கேற்ற பாரசிட்டமால் அளவை நர்ஸிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சொல்லத்தான் செய்வார்.

நீங்கள் அந்த வீடியோக்களைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் மறுப்பதற்காகப் பார்த்தாலும் இயந்திரத்துக்கு நீங்களும் ஒரு ரசிகர்தான். உங்கள் போனிலும் அதே ஹிஸ்டரி வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். அப்பா புதிதாக ஏதாவது சொன்னால், சொன்னதை ஒரு வரியாக எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் பகலில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்க்கும் தளத்தில் தேடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எச்பிஏ1சி முடிவு வந்ததும், மாத்திரைச் சீட்டின் படத்தோடு மறுபடி எழுதுங்கள்.